கோஸ்தான்

'கோஸ்தான்' என்ற சொல்லைக் கேட்டிராத தோட்டத்துப் பிள்ளை நம் நாட்டில் இருக்க முடியாது. வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு நாம் எல்லாரும் சொல்லும் சொல் அது. தமிழும் அல்ல, மலாயும் அல்ல. கப்பலைப் பின்னோக்கி ஓட்டச் சொல்லி வெள்ளைக்காரக் கப்பலதிகாரிகள் 'கோ அஸ்டர்ன்' என்று கட்டளையிடுவார்களாம். அது துறைமுகத்துத் தொழிலாளர் வாயில் புகுந்து, கரைக்கு ஏறி, லோரிக்கு வந்து, காருக்கும் வந்து, இப்போது என் வீட்டுக் கடைக்குட்டி தன் மூன்று சக்கர சைக்கிளைக்கூட 'கோஸ்தான்' எடுக்கிறான். என் மாணவர்கள் கட்டுரையில் இந்தச் சொல்லை எழுதினால் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'பின்னோக்கிச் செலுத்துதல்' என்று திருத்திவிடுவேன். இந்தக் கட்டுரையில் மட்டும் வாசகர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வேறு சொல் ஒட்டவில்லை.

பள்ளி விடுமுறைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, எங்கள் தோட்டத்து அம்மா ஒருவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். வேலை முடிந்த கையோடு வந்திருந்தார். தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. மூத்த மகனும் என்னிடம் படித்தவன்தான். எஸ்.பி.எம். முடித்துவிட்டு, பட்டணத்தில் ஒரு கிடங்கில் சாமான் தூக்குகிறான்.

"சார், அவன் டிரெய்லர் லைசென்ஸ் எடுக்கப் போறானாம். நீங்க கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பான்."

"ஏம்மா, வேணாங்கிறீங்களா?"

"பயமா இருக்கு சார். அம்மாம் பெரிய வண்டி. முன்னால போறதை விடுங்க, அதை எப்படித்தான் பின்னால எடுப்பான்? எங்க லயத்து முச்சந்தியிலே ஒரு தடவை டிரெய்லர் ஒண்ணு வழி தப்பி வந்து திரும்ப முடியாம நின்னுச்சே, பார்த்தீங்கல்ல? சாயந்திரம் வரைக்கும் கிடந்து அல்லாடுனான் அந்த டிரைவர்."

வாத்தியார் என்றால் உலகத்தில் உள்ளது எல்லாம் தெரிந்திருக்கும் என்று நம் தோட்டத்து மக்கள் இன்னும் நம்புகிறார்கள். எனக்குத் தெரிந்த வண்டி ஒரு பழைய புரோட்டோன் சாகா. அதை கோஸ்தான் எடுக்கும்போதே பள்ளி வேலியில் இரண்டு முறை உரசியிருக்கிறேன். இரண்டாவது முறை மாணவர்கள் பார்த்துவிட்டார்கள். நான் டிரெய்லரைப் பற்றி அந்தப் பையனிடம் என்ன சொல்வது? "விசாரித்துச் சொல்கிறேன்" என்று அந்த அம்மாவை அனுப்பிவிட்டு, விசாரிக்கத் தகுந்த ஆள் யார் என்று யோசித்தேன். யோசிக்க அவசியமே இல்லை. ஆள் உடனே நினைவுக்கு வந்தான். அவனிடம் போகத்தான் தயக்கமாக இருந்தது.

ஏன் தயக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து இந்தப் பள்ளிக்கு வந்த புதிதில், நான்காம் ஆண்டில் ஒரு பையன் இருந்தான். அவன் அப்பா தோட்டத்து டிராக்டர் டிரைவர். பழக்குலைகளை ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஆலைக்குப் போவார். அங்கே மேட்டின் மேல் ஏறி, டிரெய்லரைப் பின்புறமாகத் தள்ளிக்கொண்டு போய் விளிம்பில் நிறுத்திக் குலைகளைக் கொட்டுவார். பையன் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு டிராக்டர் மட்காட்டில் உட்கார்ந்துகொண்டு போய்விடுவான். வகுப்புக்கு வந்தாலும் கண் சன்னலுக்கு வெளியேதான். ஒரு நாள் கோணம் அளக்கக் கற்றுக்கொடுத்தேன். கோணமானியைத் தலைகீழாக வைத்துக்கொண்டு விழித்தான். எனக்கு அப்போது வயதும் குறைவு, பொறுமையும் குறைவு. முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னேன்: "நீ லோரி ஓட்டத்தான் லாயக்கு!"

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வாசகர்களே, நம் ஆசிரியர்களில் இதைச் சொல்லாதவர் குறைவு. நம் பெற்றோர்களிலும் குறைவுதான்.

அந்தப் பையனுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. ஆமாம், டிரெய்லர் ஓட்டுகிறான். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

போனில் விஷயத்தைச் சொன்னேன். "பேசிப் புரியாது சார். சூப்பர்வைசர்கிட்ட கேட்டு வைக்கிறேன், ஒரு ராத்திரி என்கூட வாங்க" என்றான்.

துறைமுகத்துக்குள் பாஸ் இல்லாமல் போக முடியாது. ஆகவே வெளியே சடக்கு ஓரத்தில் ஒரு மாமாக் கடையில் தே தாரிக் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அந்த வட்டாரம் எனக்குக் கொஞ்சம் மனதை என்னவோ செய்யும். என் தாத்தா தமிழ்நாட்டிலிருந்து வந்து இறங்கியது அங்கேதான். 1901-இல் திறந்த அந்தத் துறைமுகத்துக்கு அப்போது போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். 1972-இல்தான் கிள்ளான் துறைமுகம் ஆயிற்று. கப்பலிலிருந்து இறங்கியவர்களை நோய் இருக்கிறதா என்று பார்க்க முகாமில் அடைத்து வைத்திருந்து, பிறகு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் சரக்கு ஏற்றுவதும் இறக்குவதும் பெரும்பாலும் மனிதன் முதுகில்தான். ரப்பர் பேல் ஒன்று ஒரு மனிதனை விடக் கனம்.

இரும்புப் பெட்டி வந்து அதை மாற்றியது. அமெரிக்காவில் லோரி ஓட்டிப் பிழைத்து, பின்னர் லோரிக் கம்பெனி நடத்திய மால்கம் மெக்லீன் என்பவர், சாமான்களை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்குவதற்குப் பதில் பெட்டியோடு கப்பலில் தூக்கி வைத்தால் என்ன என்று கேட்டார். 1956 ஏப்ரல் 26-இல் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அதன் பிறகு உலகமே பெட்டிமயம். கிள்ளானுக்கு 1973-இல் பெட்டிக் கப்பலுக்கான துறை வந்தது. லோரிக்காரர் மூளையில் பிறந்த யோசனை என்பதை இப்போது என் மாணவர்களிடம் தவறாமல் சொல்கிறேன். அப்போது எனக்கே தெரியாது.

இரவு பத்தரை மணிக்கு அவன் வந்தான். நாற்பதடிப் பெட்டி. பெட்டியின் அகலம் எட்டடி. முன்னால் இழுக்கும் வண்டியையும் சேர்த்தால் ஐம்பதடிக்கு மேல். எங்கள் பள்ளியின் இரண்டு வகுப்பறைகளைச் சேர்த்து வைத்தால்கூட அவ்வளவு நீளம் வருமா என்பது சந்தேகம். படியில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தபோது, அடுத்த காரின் கூரை என் காலுக்குக் கீழே தெரிந்தது.

"உள்ளே என்னப்பா சரக்கு?"

"சீட்டிலே இயந்திர உதிரி பாகம்னு போட்டிருக்கு சார். இருபது டன்னுக்கு மேல. பூட்டுக்குள்ள இருக்கிறது நமக்குத் தெரியாது."

ஷா ஆலம் பக்கம் ஒரு கிடங்கில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். போகிற வழியில் எனக்குப் பாடம் நடத்தினான். எப்படி நடத்தினான் என்பதை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

இரண்டு தீப்பெட்டிகளை முன்னும் பின்னுமாக மேசைமேல் வையுங்கள். பின்பெட்டியில் ஓர் அட்டைத் துண்டை ஒட்டி, அதன் நுனியை முன்பெட்டியின் முதுகில் ஒரு குண்டூசியால் குத்துங்கள். டிரெய்லர் இப்படித்தான் இருக்கிறது. இழுக்கும் வண்டியின் முதுகில் ஒரு வட்டத் தட்டு. பெட்டி வண்டியின் அடியில் ஓர் இரும்பு முளை. முளை தட்டில் மாட்டிக்கொண்டு அதிலேயே சுழல்கிறது. இப்போது முன்பெட்டியைப் பிடித்து இழுங்கள். பின்பெட்டி நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வரும். கோணலாக இருந்தாலும் இழுக்க இழுக்கத் தானே நேராகிவிடும். சரி, இப்போது முன்பெட்டியைப் பிடித்துப் பின்னால் தள்ளுங்கள். ஒரு நூலளவு கோணல் இருந்தால் போதும், தள்ளத் தள்ள அது பெருகிக்கொண்டே போய், கடைசியில் இரண்டு பெட்டியும் மடக்குக் கத்தி மாதிரி மடங்கிவிடும். நான் பத்து முறை தள்ளிப் பார்த்தேன். பத்து முறையும் மடங்கியது.

"காருக்கு ஸ்டேரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்கிறோமோ, கோஸ்தான்ல வால் அந்தப் பக்கம் போகும். இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் போகும் சார். தலை ஒரு பக்கம் போனா, வால் மறுபக்கம். புதுசா வர்றவன் இதுலதான் முதல்லே குழம்புவான். எங்க அப்பா ஒரு வழி சொல்லிக் கொடுத்தாரு. ஸ்டேரிங்கை மேலே பிடிக்காதே, அடியிலே பிடி. வால் வலது பக்கம் போகணுமா, கையை வலது பக்கம் தள்ளு. இடது பக்கம் போகணுமா, இடது பக்கம் தள்ளு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

சிரித்தான். "அது ஆரம்பம் சார். வால் திரும்ப ஆரம்பிச்சதும் உடனே ஸ்டேரிங்கை மறுபக்கம் எடுத்து, தலையை வாலுக்குப் பின்னாலேயே கொண்டு போகணும். எடுக்கலேன்னா மடிஞ்சுபோகும். எப்போ எடுக்கிறதுங்கிறதுதான் தொழில். சொல்லித் தர முடியாது."

அவன் அப்பாவின் டிராக்டர் டிரெய்லர் இதைவிடச் சிரமமாம். அது குட்டை. குட்டையாக இருந்தால் தொட்டவுடன் வெட்டிக்கொள்ளும். நீள டிரெய்லர் சொன்னதை மெதுவாகக் கேட்கும். கொஞ்சம் பொறுத்தால் கேட்கும். "மட்காட்டுல உட்கார்ந்துக்கிட்டு அப்பாவோட கையைத்தான் சார் பார்த்துக்கிட்டே இருப்பேன்" என்றான். நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

கிடங்குக்குப் போய்ச் சேரும்போது நல்ல மழை. சரக்கு இறக்கும் மேடை ஆள் இடுப்புக்குச் சற்று மேலே உயரம். அதில் வரிசையாக வாசல்கள். எங்களுக்குச் சொன்ன வாசலுக்கு இரண்டு பக்கமும் வேறு டிரெய்லர்கள் நின்றன. நடுவில் இருந்த இடத்தில் எங்கள் பெட்டி நுழைந்தால், பக்கத்துக்கு ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கலாம், அவ்வளவே. எதிரே வேலி, வேலி ஓரம் யாரோ நிறுத்திவிட்டுப் போன இரண்டு கார்கள், அதற்கப்பால் சாக்கடை. சின்ன லோரிகள் ஓடிய காலத்தில் கட்டிய முற்றம் போலும்.

மேடை தன் வலது பக்கம் இருக்கும்படிதான் அவன் உள்ளே வந்தான். இது முக்கியம். நம் நாட்டில் ஓட்டுநர் வலது பக்கம் உட்காருகிறார். வால் வலது பக்கம் திரும்பினால் சன்னல் வழியே தலையை நீட்டிக் கண்ணால் பார்க்கலாம். இடது பக்கம் திரும்பினால் எதுவும் தெரியாது. சில கிடங்குகளில் வேறு வழியில்லாமல் இடது பக்கமாக எடுக்க வேண்டி வருமாம். அதற்குக் குருட்டுப் பக்கம் என்று பெயர் வைத்திருக்கிறான்.

முதலில் வண்டியை நிறுத்தி, கிடங்குக் கிராணி வந்து முத்திரையின் எண்ணைச் சரிபார்த்து வெட்டியதும், பின்கதவுகளைத் திறந்து இரண்டு பக்கமும் மடக்கிக் கொக்கியில் மாட்டினான். கதவு திறக்கும்போது என்னைத் தள்ளி நிற்கச் சொன்னான். கடலில் ஆடி வந்த சரக்கு கதவின் மேல் சாய்ந்து நிற்குமாம். திறக்க மறந்து மேடையில் போய் ஒட்டிவிட்டால் கதவை அசைக்க முடியாது. மறுபடியும் வெளியே இழுத்து எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "எனக்கும் நடந்திருக்கு சார், ரெண்டு தடவை" என்றான். என் வேலிக் கதை நினைவுக்கு வந்தது, சொல்லவில்லை.

பிறகு தலையை இடது பக்கம் நன்றாக ஒடித்து முன்னே போய் நின்றான். கோஸ்தான் ஆரம்பமாயிற்று. மனிதன் நடப்பதைவிட மெதுவாகப் போனது வண்டி. மேடையருகே நின்ற ஜாகா, குடையும் டார்ச் விளக்குமாக, "தெருஸ்... தெருஸ்... கிரி சிக்கிட்... தெருஸ்" என்று கத்திக்கொண்டிருந்தார். பாதி தூரத்தில் நிறுத்திவிட்டான். வால் கோணிவிட்டதாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடி முன்னால் இழுத்து, நேராக்கி, மறுபடி தொடங்கினான். மறுபடி நிறுத்தினான். எங்களுக்குப் பின்னால் உள்ளே வரக் காத்திருந்த லோரிக்காரன் ஹார்னை அழுத்திப் பிடித்தான்.

எனக்கு மானம் போவது மாதிரி இருந்தது. என் மாணவன் ஆயிற்றே! அவனோ ஹார்னைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "அடிக்கட்டும் சார். இடிச்சா அவன் வந்து காசு கட்டப் போறதில்லே." இத்தனைக்கும் அவனுக்கு டிரிப் கணக்கில்தான் சம்பளம். ஒவ்வொரு நிமிடமும் அவன் காசுதான்.

இப்போது நான் செய்ததைக் கேளுங்கள். மூன்றாம் முறை அவன் முன்னால் இழுத்து நிறுத்தியபோது, அவனுக்கு உதவி செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஜாகா வலது பக்கம் நிற்கிறார். இடது பக்கத்தை நான் பார்த்துச் சொன்னால் வேலை சுலபமாக முடியும் அல்லவா? அவன் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருந்த நேரத்தில், என் பக்கக் கதவைத் திறந்து இறங்கி, பெட்டியின் ஓரமாகவே பின்னால் நடந்துபோய், இடது மூலையில் மேடைக்கும் வண்டிக்கும் நடுவே நின்றுகொண்டேன். இரண்டு கையையும் ஆட்டி, "வா... வா... வா..." என்று வகுப்பறைக் குரலில் கத்தினேன்.

ஐம்பதடிக்கு அப்பால் இருக்கிறது எஞ்சின். பின்பகுதி ஓசையே இல்லாமல் வருகிறது. தகரக் கூரையில் மழை வேறு. நான் கத்துவது எனக்கே கேட்கவில்லை. திறந்த பெட்டிக்குள்ளிருந்த இருட்டு என்னை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டு வந்தது. 'அருமையாக வருகிறான்' என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். முதுகில் மேடை இடித்த பிறகுதான் விலக இடமில்லை என்று புத்திக்கு எட்டியது.

'புஸ்ஸ்' என்று பிரேக்கின் காற்றுச் சத்தம். வண்டி நின்றது. எனக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு முழம்.

பக்கத்து இருக்கை காலியாக இருப்பதைப் பார்த்து நிறுத்தினானாம். எனக்கு ஏதோ சொல்லத் திரும்பியிருக்கிறான். திரும்பாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை வந்திராது.

மழையில் ஓடி வந்தான். அவன் முகம் அப்படி நான் பார்த்ததில்லை.

"என்ன சார் பண்றீங்க அங்கே? அறிவு இருக்கா உங்களுக்கு?"

அந்தக் கோபத்திலும் 'சார்' விடவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து ஜாகாவின் நாற்காலியில் உட்கார வைத்தான். அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. என் கால்கள் அதைவிட அதிகமாக நடுங்கின.

"வால் வலது பக்கம் திரும்பி இருக்கும்போது இடது கண்ணாடியிலே எனக்கு வேலி மட்டும்தான் தெரியும். நீங்க நின்ன இடம் எந்தக் கண்ணாடியிலேயும் வராது. நேர் பின்னாலேயும் எனக்கு எப்பவுமே ஒண்ணும் தெரியாது. என் கண்ணாடியிலே என் மூஞ்சி உங்களுக்குத் தெரியலேன்னா, எனக்கு நீங்க இல்லே சார். உலகத்துலேயே இல்லே."

சற்று நேரம் பேசாமல் நின்றான். பிறகு தணிந்த குரலில் ஒன்று சொன்னான். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், வேறோர் இடத்தில், இப்படித்தான் நல்லெண்ணத்தோடு பின்னால் போய் நின்றார் ஒரு கெலிண்டான். ஓட்டியது வேறு டிரைவர். இவன் அடுத்த வாசலில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தான். "சத்தம்கூட வரலே சார்." அதற்கு மேல் அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான்காம் முறை எடுப்பதற்கு முன் டார்ச்சை வாங்கிக்கொண்டு வண்டியை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். இடது மூலையில் குனிந்து பார்த்தான். மேலே கூரையின் விளிம்பைப் பார்த்தான். தன் கண்ணுக்குத் தெரியும்படி வலது பக்கம் தரையில் ஒரு காலிப் பாட்டிலை வைத்தான். பெட்டியின் மூலை அதைத் தாண்டும்போது ஸ்டேரிங்கை மறுபக்கம் எடுக்க வேண்டும் என்பது கணக்காம். என்னை எழுந்திருக்கக் கூடாது என்று விரலைக் காட்டினான், நான் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுவது போலவே. பாதியில் ஒருமுறை மறுபடி நிறுத்தி, இறங்கி, பார்த்து, ஏறினான். லோரிக்காரன் மறுபடி ஹார்ன் அடித்தான். பெட்டி இரண்டு டிரெய்லர்களுக்கும் நடுவே நுழைந்து, நிமிர்ந்து, மெல்ல மெல்ல வந்து, 'டொக்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு நின்றது.

மேடையின் விளிம்பில் வண்டி மோதாமல் இருக்கக் கறுப்பாகத் தடித்த ரப்பர் கட்டைகள் பொருத்தியிருக்கிறார்கள். அந்தச் சத்தம் அதில் பட்ட சத்தம். என் அப்பா முப்பது வருடம் பால் வெட்டியவர். கட்டையைத் தொட்டுப் பார்த்தேன்.

சரக்கு இறக்கி முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தோம். ஈரச் சட்டையோடு, ஒரு பொட்டலம் நாசி லெமாக்கைப் பகிர்ந்து தின்றோம். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"நான் உன்னை ஒரு நாள் வகுப்பிலே..."

"லோரி ஓட்டத்தான் லாயக்குன்னு சொன்னீங்க." முடிக்கவே விடவில்லை. "ஞாபகம் இருக்கு சார். ஈ லைசென்ஸ் கையிலே வாங்கின அன்னிக்கு உங்களைத்தான் நினைச்சேன்."

"கோபமாகவா?"

"சேச்சே, அதெல்லாம் இல்லே." கொஞ்ச தூரம் யோசித்துவிட்டு, "கொஞ்சம் கோபம்தான்" என்றான்.

மன்னித்துக்கொள் என்றேன். இருபது வருடத்துக்கு மேல் கழித்துக் கேட்கும் மன்னிப்புக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியவில்லை. அவன் கையில் ஒட்டிய சம்பலை நக்கிக்கொண்டே, "கோணமானி இன்னும் எனக்குப் பார்க்கத் தெரியாது சார்" என்று மட்டும் சொன்னான். இருவரும் சிரித்தோம். இந்த முறை சேர்ந்து சிரித்தோம்.

அந்த அம்மாவின் மகனைப் பற்றிக் கேட்டேன். நல்லதும் கெட்டதும் ஒளிக்காமல் சொன்னான். சம்பாத்தியம் உண்டு, ஆனால் தூங்குவதற்கு ஒரு நேரமில்லை. வாரத்தில் இரண்டு நாள் வீட்டுச் சாப்பாடு கிடைத்தால் அதிர்ஷ்டம். முதுகுவலி முப்பது வயதிலேயே வந்துவிட்டது. மகளின் பள்ளிப் போட்டி விளையாட்டை இதுவரை ஒருமுறைதான் பார்த்திருக்கிறான். "டிரைவிங் பள்ளியிலே கட்டை நட்டு, பகல்லே, வெயில்லே, காலி டிரெய்லர்லே கத்துக் கொடுப்பாங்க. பாஸ் பண்ணிடுவான். ராத்திரி மழையிலே, பின்னால ஒருத்தன் ஹார்ன் அடிக்கும்போது எப்படி எடுக்கிறதுன்னு யாரும் கத்துக் கொடுக்க மாட்டாங்க சார். லைசென்ஸ் எடுத்ததும் அவனை என்கிட்டே அனுப்புங்க. கம்பெனியிலே கேட்டு, ஆறு மாசம் பக்கத்துலே வச்சிக்கிறேன். எத்தனை தடவை வேணும்னாலும் முன்னால இழுத்து மறுபடி எடுக்கலாம், எத்தனை தடவை வேணும்னாலும் இறங்கிப் பார்க்கலாம்னு அவன் மண்டையிலே ஏத்தணும். வெட்கப்படறவன்தான் சார் இடிக்கிறான்."

விடியும் நேரத்தில் வீட்டுக்கு வந்தேன். என் மனைவி, சட்டை முதுகில் இருந்த கறுப்புக் கோட்டைப் பார்த்து என்னவென்று கேட்டாள். மேடை விளிம்பின் அழுக்கு. ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன். அதன் பிறகு அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பள்ளி திறந்ததும் அந்த அம்மா மறுபடி வந்தார். நான் பார்த்ததையெல்லாம், முழத்தையும் சேர்த்து, சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. தலைத் துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். போக விடுங்கள் என்றும் சொல்லவில்லை, தடுத்து நிறுத்துங்கள் என்றும் சொல்லவில்லை. ஆறு மாதம் பழகிக்கொடுக்க ஓர் ஆள் இருக்கிறான், அவன் கெட்டிக்காரன் என்று மட்டும் சொன்னேன்.

நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எந்த இடத்துலே நிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க சார்?" என்று கேட்டார்.

"ஏம்மா, நீங்க எங்கே நிக்கப் போறீங்க?"

"வண்டியை லயத்துக்கு ஒரு நாள் கொண்டு வந்து காட்டுவான்ல? பிள்ளைங்க எல்லாம் ஓடி வரும். நான்தானே சார் பார்த்துக்கணும்."

திடலுக்கு அழைத்துக்கொண்டு போனேன். என் பழைய சாகாவில் ஏறி உட்கார்ந்து, அவரைப் பின்னால் போய் நிற்கச் சொன்னேன். வேலி ஓரம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

"கண்ணாடியிலே என் மூஞ்சி தெரியுதாம்மா?"

"இல்லே சார்."

"கொஞ்சம் வலது பக்கம் வாங்க. இப்போ?"

"இல்லே."

"இன்னும் ரெண்டு எட்டு."

நகர்ந்தார். கண்ணாடியில் முதலில் அவருடைய தலைத் துணியைப் பிடித்த கை வந்தது, பிறகு தோள், பிறகு முகம்.

"ஆங், தெரியறீங்க சார்" என்றார்.